கிணற்றுக்குள் மணல் போட்ட வகுப்பு

தில்லைமுனைப் பள்ளிக்கூடத்துக் கிணற்றை மூன்றாம் தடவையாக இறைத்து வற்ற வைத்த அன்று, சாமித்தம்பி அதற்குள் இறங்கி இரண்டு கொட்டு ஆழம் கூட்டினான். கொட்டு என்றால் கிணற்றின் சுவருக்காக ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குகிற சீமெந்து வளையம். உயரம் ஒன்றரை அடி. ஆழம் கூட்டச் சொல்லி யாரும் அவனிடம் கேட்கவில்லை. நிவாரண நிறுவனம் கொடுத்த வேலை, பம்பு வைத்து இறைத்து, சேற்றை அள்ளி, குளோரின் போடுவது மட்டும்தான். ஆனால் இது தங்கச்சி கேதீஸ்வரி படிப்பிக்கிற பள்ளிக்கூடம். மற்ற வளவுகளில் ஒரு கொட்டு இறக்கியிருந்தால் இங்கே இரண்டு இறக்க வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. ஆழத்தில்தான் நல்ல ஊற்று இருக்கும் என்பது கிணறு வெட்டுகிற எல்லாருடைய நம்பிக்கை. பதினைந்து அடியில் புது ஊற்று குபுகுபுவென்று கிளம்பியபோது, மேலே நின்றவர்களுக்குக் கேட்கும்படி, “வந்திட்டு! தண்ணி வந்திட்டு!” என்று கத்தினான்.

அது 2005ஆம் ஆண்டு சித்திரை மாதம். கடல் ஊருக்குள் வந்துபோய் நாலு மாதம் ஆகியிருந்தது. தில்லைமுனை, மட்டக்களப்புக்குத் தெற்கே குருக்கள்மடத்துக்கும் செட்டிபாளையத்துக்கும் இடையில், வீதியை விட்டுக் கடல்பக்கமாகத் தள்ளிக் கிடக்கிற மணல்மேட்டு ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி. அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பள்ளிக்கூடத்தின் மூன்று கட்டடங்களில் ஒன்றுதான் மிஞ்சியது. பெரிய வகுப்புகளுக்குத் தகரக் கொட்டில்கள் போட்டார்கள். ஊர்க் கிணறுகள் அத்தனையும் உப்பாகிக் கிடந்தன.

ஒரு கிழமை கழித்துச் சாமித்தம்பி பள்ளிக்கூடக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்தான். துப்பினான். இறைக்க முன்னம் இருந்ததைவிடக் கரித்தது. நாக்கில்தான் ஏதோ பிழை என்று நினைத்து மறுநாளும் வந்து பார்த்தான். நாக்கில் பிழை இல்லை.

அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஒரு பள்ளிக்கூடமே இருந்தது. தினமும் காலையில் ஒரு பவுசர் லொறி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். இரண்டாம் தவணையோடு அது நின்றுவிடும் என்று வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அதற்குள் பள்ளிக்கூடத்துக்கென்று குடிக்கக்கூடிய தண்ணீர் இல்லாவிட்டால், ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள் எல்லாரையும் நாலு மைல் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவதாக முடிவு. நாலு மைல் என்பது கடிதத்தில் சின்னத் தூரம். வழியில் மூன்று சோதனைச்சாவடி. வளர்ந்த பிள்ளைகள் வீதியில் போனால் திரும்பி வருவார்களோ என்று தாய்மார் வாசலில் நிற்கிற காலம் அது. கேதீஸ்வரி தன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்துமூன்று பேரின் வீடுகளுக்கும் போய்க் கேட்டாள். அனுப்புவோம் என்று சொன்னது ஒன்பது வீடு. ஒரு பெண்பிள்ளையின் வீடுகூட அந்த ஒன்பதில் இல்லை.

“மற்ற பதினாலு புள்ளையும் படிப்ப விட்டிருவாங்க அண்ணன்,” என்றாள் அன்று பின்னேரம். அழவில்லை. அவள் அழுகிறவள் இல்லை.

கேதீஸ்வரி அவனுக்கு எட்டு வயது இளையவள். சாமித்தம்பி ஆறாம் வகுப்போடு நின்றவன். வீட்டுக் கஷ்டத்தால் நின்றான் என்று ஊரில் சொல்வார்கள்; உண்மையில் பின்னக் கணக்கு அவனுக்கு ஏறவில்லை. வாத்தியார் அடித்தும் பார்த்தார், ஏறவில்லை. பிறகு, இருபது வயதில் சீமெந்துக் கல் அரிகிற வேலைக்குப் போய்க் கலவைக் கணக்கில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு வயதுக் கேதீஸ்வரி ஒரு ரொட்டியை ஒரு பக்கம் நாலாகவும் மறு பக்கம் எட்டாகவும் பிய்த்து வைத்து, “இதில மூண்டு எடுப்பீங்களா, அதில அஞ்சு எடுப்பீங்களா?” என்று கேட்டாள். அவன் யோசித்தான். எடுத்தான். பிழையாக எடுத்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் மற்றத் துண்டுகளைத் தின்னத் தொடங்கினாள். தனக்குக் குறைவாக வந்துவிட்டது என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு கலவை பிழைக்கவில்லை.

1990இல் அப்பா வயலுக்குப் போனவர் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் உயர்தரம் எடுத்து, ஏழு வருடம் தொண்டர் ஆசிரியையாகச் சம்பளம் இல்லாமல் படிப்பித்து, நியமனம் கிடைத்து, ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு 2004இல் ஊருக்கே திரும்பி வந்தாள். விஞ்ஞான டீச்சர். அதைச் சொல்லும்போது சாமித்தம்பிக்கு நெஞ்சு அரை அங்குலம் அகலும்.

அதனால்தான், இரண்டாம் தவணை தொடங்கிய முதல் கிழமையில் அவன் கேட்ட விஷயம் அவனைச் சுட்டது. பள்ளிக்கூடக் கிணற்றின் கட்டுக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தான். முப்பது அடி தள்ளித் தகரக் கொட்டில். உள்ளே பேசுவது எல்லாம் வெளியே கேட்கும்.

கரும்பலகையில் கேதீஸ்வரி இரண்டே இரண்டு வரி எழுதினாள். எங்கள் கிணறு ஏன் இன்னும் உவர்க்கிறது? இந்தத் தவணை முடிவதற்குள் அதை என்ன செய்யலாம்?

“டீச்சர், இது எத்தினையாம் பாடம்?” என்று கேட்டான் நிலோஜன். வகுப்பிலேயே வாய் கூடியவன்.

“பாடம் இல்ல. கிணறு.”

“அப்ப விடை எந்தப் பக்கத்துல கிடக்கு?”

“புத்தகத்துல இல்ல.”

“சரி, நீங்க சொல்லுங்க. எழுதுறம்.”

“எனக்கும் தெரியாதே.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாமித்தம்பியின் கையில் இருந்த சாந்தகப்பை அப்படியே நின்றது. டீச்சர் ஒருத்தி தெரியாது என்று வாய் திறந்து சொல்வதை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. அதுவும் அவன் தங்கச்சி.

மறுநாள் தேநீர்க்கடையில் கந்தப்போடியர் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தில் பெரிய ஆள் அவர். பேத்தி வதனியும் அந்த வகுப்பில்தான்.

“சாமித்தம்பி, தெரியாதெண்டு சொல்லவோ உன்ட தங்கச்சி கலாசாலையில ரெண்டு வருசம் இருந்த? அத நான் படிக்காமலே சொல்லுவன்டா.”

கடையில் சிரிப்பு. சாமித்தம்பி தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தான்.

“நீ சொல்லிக் குடுத்தா என்ன புள்ள?” என்று வீட்டில் கேட்டான். “சனம் நக்கலடிக்குது.”

“உண்மையிலயே தெரியா அண்ணன். கொஞ்சம் யோசின இருக்கு. அது சரியா பிழையாண்டு தெரியா. நான் அதச் சொன்னா புள்ளைகள் கொப்பியில எழுதி வெச்சிருங்கள். மறுகா ஒண்டும் தேடாதுகள்.”

“பரீட்சைக்கு?”

“கரைசல், அடர்த்தி, ஆவியாதல், நீர் வட்டம். எல்லாம் இந்தக் கிணத்துக்குள்ள கிடக்கு. எந்தக் கிழமை எது வரும் எண்டு நான் எழுதி வெச்சிருக்கன்.” காட்டினாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். பிள்ளைகள் இப்படிக் கேட்டால் எதைத் திருப்பிக் கேட்பது, இந்த வழியில் போனால் எந்தப் பொருளைக் கையில் கொடுப்பது, யார் பேசாமல் இருக்கிறார்கள். சாமித்தம்பி எழுத்துக் கூட்டி வாசித்தான். சொல்லிக்கொடுக்கிறவர்களைவிடச் சொல்லாமல் இருக்கிறவளுக்கு வேலை கூட என்பது மட்டும் அவனுக்கு விளங்கியது.

கரும்பலகையை மூன்றாகப் பிரித்துக் கோடு கீறியிருந்தாள். தெரிந்தது, தெரியாதது, தெரிந்துகொள்ள வேண்டியது. சோக்கட்டியை அவள் வைத்திருப்பதில்லை. வகுப்பில் சத்தமே போடாத வதனியின் கையில் கொடுத்துவிட்டுப் பின்வரிசை வாங்கில் போய் இருந்துகொள்வாள். யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், “அது உனக்கு எப்பிடித் தெரியும்?” என்று ஒரு கேள்வி. கோபமாகக் கேட்பதில்லை, உண்மையாகவே அறிய விரும்புகிறவள் மாதிரிக் கேட்பாள். இரண்டு கிழமையில் பிள்ளைகள் வீடுகளிலும் அதைத் தொடங்கிவிட்டார்கள். மீன் இன்றைக்குப் பிடித்தது என்று சொன்ன தகப்பனிடம் நிலோஜன், “எப்பிடித் தெரியும்?” என்று கேட்டு, அகப்பைக்காம்பால் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

உப்பு எவ்வளவு என்று அளக்க வேண்டும். முதலில் நாக்கை நம்பினார்கள். ஐந்து போத்தலில் ஐந்து தண்ணீர், இலக்கம் மட்டும் ஒட்டி, ஐந்து பேர் குடித்துப் பார்த்தார்கள். நிலோஜன் முகத்தைச் சுளித்து, “இதான் ஆகக் கரிக்குது, இது பள்ளிக்கூடக் கிணறு,” என்று சத்தியம் பண்ணினான். அது பவுசர் தண்ணீர்.

“டேய், நீ காலையில என்னத்தத் திண்டாய்?” என்று கேட்டாள் வதனி.

“கருவாடு.”

வதனி கரும்பலகையில், ‘நாக்கு சரிவராது’ என்று எழுதினாள். அது அவள் தானாக எழுதிய முதல் வரி.

பிறகு ஒரு போத்தல் தண்ணீரைத் தட்டில் ஊற்றி, வற்றக் காய்ச்சி, மிஞ்சுகிற உப்பைச் சவர அலகால் சுரண்டி நிறுத்தால் என்ன என்று யாரோ கேட்டார்கள். எதில் நிறுப்பது? கடைத் தராசில் அது அசையாது. கேதீஸ்வரி, “ஊரில ஆகச் சின்னப் பொருள நிறுக்கிற ஆள் ஆர்?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் பொன்வேலை செய்கிற தட்டாரின் தராசு வகுப்புக்கு வந்துவிட்டது, தட்டாரும் கூடவே. பிள்ளைகளிடம் தராசைத் தனியே கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எடைக்குக் குன்றிமணி. அப்படித்தான் தில்லைமுனையில் உப்பு குன்றிமணிக் கணக்கில் பேசப்படத் தொடங்கியது. பவுசர் தண்ணீர் ஒரு போத்தலுக்கு இரண்டு குன்றிமணி. பள்ளிக்கூடக் கிணறு இருபத்திரண்டு.

ஆனி மாதம் வந்தது. கச்சான் காற்று தகரத்தைப் பிடுங்கியது. பிள்ளைகள் கிணறு கிணறாகப் போத்தல் கட்டி இறக்கினார்கள். கடலுக்குக் கிட்ட இருக்கிற கிணறுகள்தான் கூட உவர்க்கும் என்று நினைத்தார்கள். அளவு அப்படி வரவில்லை. செத்த மீனும் சேறும்தான் காரணம் என்றார்கள். ஆகத் துப்புரவாக்கிய கிணறுகள்தான் ஆக மோசமாக இருந்தன. இன்னும் இறைக்க வேண்டும் என்று ஒரு பகுதி, கடல்தண்ணீர் அடியில் வருகிறது என்று ஒரு பகுதி. சண்டை வந்தது. நிலோஜன் சோக்கட்டியைப் பிடுங்கினான். அதிபர் வந்து பார்த்தார்.

“டீச்சர், அடுத்த வகுப்பில ஏழாம் பாடம் முடிஞ்சிட்டு. இஞ்ச சந்தை.”

“இந்தக் கிழமை மட்டும் விடுங்க சேர்.”

அன்று பிள்ளைகள் போன பிறகு அவள் கரும்பலகைக்கு முன்னால் தனியே நின்றதைச் சாமித்தம்பி பார்த்தான். சோக்கை எடுத்தாள். ஏதோ எழுதப் போனாள். கையைக் கீழே இறக்கிவிட்டாள். மறுநாள் வகுப்பில் அவள் செய்தது ஒன்றுதான். “இவ்வளவு கிணறும் ஆரோ இறைச்ச கிணறு. இறைக்காத கிணறு ஒண்டு ஊரில இருக்கா?” என்று கேட்டாள்.

இருந்தது. எல்லாருக்கும் தெரியும். மேட்டு ஒழுங்கையின் கடைசி வளவு. அந்த வீட்டில் இருந்த நாலு பேரையும் கடல் கொண்டுபோனது. மூத்த பிள்ளை அந்த வகுப்பில், வதனிக்குப் பக்கத்தில் இருந்தவள். இறைக்கச் சொல்ல அங்கே ஆள் இல்லாததால் சாமித்தம்பியும் பம்பைக் கொண்டுபோகவில்லை.

கேதீஸ்வரி யாரையும் போகச் சொல்லவில்லை. வதனிதான் போத்தலை எடுத்தாள். பின்னால் ஒவ்வொருவராக எழும்பி இருபத்துமூன்று பேரும் போனார்கள். கேதீஸ்வரி கடைசியாக நடந்தாள். வளவு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

அந்தத் தண்ணீர் எட்டுக் குன்றிமணி.

அதற்குப் பிறகு யாரும் அவர்களைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. நிலோஜன் கடற்கரைத் தாழை மரத்தடி மணலில் கையால் ஒரு பூவல் தோண்டினான். மீன்பிடிக்கப் போகிறவர்கள் அவசரத்துக்குத் தண்ணீர் எடுக்கத் தோண்டுகிற சின்னப் பள்ளம்தான். முழங்கால் ஆழத்தில் ஊறிய தண்ணீர் ஆறு குன்றிமணி. கடலுக்கு அவ்வளவு கிட்ட! கிளாசில் உப்புத் தண்ணீரை விட்டு, மேலே கரண்டியால் மெதுவாக நல்ல தண்ணீரைச் சாயத்தோடு விட்டுப் பார்த்தார்கள். மேலேயே நின்றது. அடியில் இருந்து குழாயால் உறிஞ்சியபோது உப்பு வந்தது. வேகமாக உறிஞ்சியபோது இரண்டும் கலந்தது.

ஒரு பின்னேரம், வதனியும் நிலோஜனும் இன்னும் ஆறு பேரும் சாமித்தம்பி கொட்டு வார்க்கிற இடத்துக்கு வந்தார்கள். கேதீஸ்வரியும் வந்து வேலியோரமாக நின்றாள்.

“மாமா, கிணறு இறைச்ச கொப்பி வெச்சிருக்கிறீங்களாமே. பாக்கலாமா?” என்றாள் வதனி.

அவனுக்குப் பெருமையாக இருந்தது. முப்பத்தொரு கிணறு, எந்த நாள், எத்தனை மணித்தியாலம், எத்தனை தடவை, எவ்வளவு ஆழம், எல்லாம் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி எழுதியிருந்தான். வதனி ஒவ்வொன்றாக வாசிக்க, நிலோஜன் பக்கத்தில் குன்றிமணியை எழுதினான். இறைக்காதது எட்டு. இரண்டு தடவை இறைத்தது பதினாலு. மூன்று தடவை இறைத்து ஒரு கொட்டு இறக்கியது பதினேழு.

“பள்ளிக்கூடக் கிணறு எத்தின அடி மாமா?”

“முன்னம் பன்ரெண்டு. நான் தங்கச்சிட பள்ளிக்கூடமெண்டு ரெண்டு கொட்டு கூட...”

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். நிலோஜனின் கை இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டிருந்தது. அவனைக் குற்றம் சொல்லும் முகம் ஒன்றுகூட அங்கே இல்லை. எட்டுப் பிள்ளைகளும் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நான் உப்புக்குள்ள இறங்கித் தோண்டியிருக்கன்,” என்றான் சாமித்தம்பி.

வீட்டுக்குப் போனதும் கத்தினான். “உனக்கு முன்னமே தெரியுமா இல்லையா? அண்ணன்ட்டச் சொல்ல வாய் வரல்லையா? புள்ளைகளுக்கு முன்னால வெச்சு...”

“பூவல் தண்ணி வந்த நாளே யோசிச்சன்,” என்றாள் கேதீஸ்வரி. “நான் வந்து சொல்லியிருந்தா நீங்க என்ன செய்வீங்க?”

“தங்கச்சி சொல்றாள் எண்டு மண்ணப் போட்டு மூடியிருப்பன்.”

“பள்ளிக்கூடக் கிணத்த மட்டும் மூடியிருப்பீங்க. எனக்காக. மற்ற முப்பதும் அப்பிடியே கிடந்திருக்கும்.”

அவன் சாப்பிடாமல் படுத்தான். காலையில் எழும்பி, பம்பைச் சாக்கால் மூடிக் கட்டினான். நிவாரண நிறுவனத்து வேலையில் பக்கத்து ஊரில் இன்னும் ஏழு கிணறு மிச்சம் இருந்தது. போகவில்லை.

கிணற்றுக்குள் ஐந்தடி உயரத்துக்கு மணல் போட வேண்டும், பம்பு வைக்கக் கூடாது, காலையில் நாற்பது வாளியும் பின்னேரம் நாற்பது வாளியும் மேல்மட்டத்தில் மட்டும் கோலி அள்ள வேண்டும். இது பிள்ளைகள் அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொண்டுபோன முடிவு. சங்கக் கூட்டம் சிரிப்பில் குலுங்கியது.

“தண்ணி வேணுமெண்டு கிணத்தத் தூர்க்கிற பள்ளிக்கூடத்த நான் இப்பதான் பாக்கிறன்,” என்றார் கந்தப்போடியர். “டீச்சர், இதுக்கு நீங்க பொறுப்பா?”

கேதீஸ்வரி எழும்பினாள். “பொறுப்பு நான்தான். விளக்கம் அவங்க சொல்லுவாங்க.”

வதனி கிளாசையும் சாயத் தண்ணீரையும் கொண்டு முன்னால் போனாள். வேகமாக விட்டதில் சாயம் முதல் தடவை கலந்துவிட்டது. “அவசரப்பட்டா இப்பிடித்தான் கலக்கும்,” என்று சொல்லிவிட்டு, மறுபடி மெதுவாக விட்டாள். நின்றது. கந்தப்போடியர் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பேத்தியின் முகத்தையும் பார்த்தார்.

“சாமித்தம்பி, நீ என்னடா சொல்றாய்? நீதானே கிணத்துக்காரன்.”

சாமித்தம்பி எழும்பி, “பிழை என்னில. மணல் நான் கொண்டுவாறன்,” என்றான்.

கடல் மணலில் உப்பு இருக்கும் என்பதால், பட்டிருப்புப் பாலத்தால் போய் வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு உழவுயந்திரப் பெட்டி ஆற்று மணல் ஏற்றி வந்தான். அதையும் அரித்து, இரண்டு தரம் கழுவித்தான் இறக்கினான். பிள்ளைகள் கடகத்தால் கொடுத்தார்கள். கிணற்றின் அடித்தளம் பத்தடிக்கு ஏறி நின்றது.

முதல் கிழமை இருபத்தொன்று. இரண்டாம் கிழமை பதினெட்டு. அடுத்தது மறுபடி பத்தொன்பது. வாளிக் கணக்கை யாரோ மீறியிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். அதிபர்தான், தன் பூமரங்களுக்கு. அவர் தலையைச் சொறிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆடி கடைசியில் பதினைந்து. ஆவணி முதல் கிழமை, வலயக் கல்வி அலுவலகத்து அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்த அன்று, பதினொன்று.

பரிசோதகர் கையில் கொண்டுவந்த மானியை வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். “குடிக்கிறதுக்கு இன்னும் கூட. கைகால் கழுவ, சமைக்கப் பரவாயில்ல.”

“அப்ப தண்ணீர் இல்லை எண்டுதானே எழுத வேணும்,” என்றார் அதிகாரி. அவர் முகத்திலும் அதற்கு விருப்பம் இருக்கவில்லை. “டீச்சர், இந்த மணல் வேலையைப் பற்றி உங்கட விளக்கம் என்ன?”

“பிள்ளைகளிட்டக் கேளுங்க சேர்.”

“நான் உங்களிட்டக் கேக்கிறன்.”

“என்ட பதிலவிட அவங்கட பதில் திருத்தமா இருக்கும் சேர். அளந்தது அவங்க.”

பதினாலு பிள்ளைகளின் படிப்பு இந்த ஒரு மனிதரின் பேனாவில் இருக்க, இவள் பின்னால் போய் நிற்கிறாளே என்று சாமித்தம்பிக்கு இருந்தது. ஆனால் அவள் உள்ளங்கையை மடித்து இறுக்கியிருந்ததையும் கண்டான். அவளுக்கும் பயம்தான். அசையாமல் நின்றாள்.

வதனி கிழமைக் கணக்கைக் காட்டினாள். நிலோஜன் ஊரின் கிணறுகளைக் கீறிய படத்தை விரித்தான். அதிகாரி உட்கார்ந்தார். கேள்வி கேட்டார். கடைசியில், “சரி. மழைக்குப் பிறகும் இது குறையாட்டி?” என்றார்.

வதனி கேதீஸ்வரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. “தெரியாது சேர். குறையும் எண்டு நினைக்கிறம். குறையாட்டி, எங்க பிழைச்ச எண்டு திரும்ப அளப்பம். ஆனா அதுக்கு நாங்க இஞ்ச இருக்க வேணும்.”

பரிசோதகர் அதிகாரியைப் பார்த்தார். “ஒண்டர மாசத்தில பாதியாக் குறைஞ்சிருக்கு. பம்பு வெச்ச இடங்களில நான் இப்பிடிப் பாக்கல்ல,” என்றார்.

அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். பவுசர் தை மாதம் வரை அரைத் தொட்டி விட வேண்டும். வகுப்புகள் அதுவரை இங்கேயே நடக்கலாம். பிறகு மீண்டும் பரிசோதனை. அதிபர் அதை வாசித்துக் காட்டியபோது நிலோஜன்தான் முதலில் கூவினான். கேதீஸ்வரி மடித்த கையை விரித்துச் சேலையில் துடைத்தாள்.

ஐப்பசியில் மழை தொடங்கி மார்கழி வரை கொட்டியது. தையில் நாலு குன்றிமணி. பத்தாம் வகுப்பு அதே தகரக் கொட்டிலில் தொடங்கியது. இருபத்துமூன்று பேரில் ஒருவன் மட்டும் மட்டக்களப்பு நகரத்துக்குப் போய்விட்டான். அது அவன் மாமா வீட்டுக்கு. மிச்சம் இருபத்திரண்டு பேரும் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதினார்கள். சாமித்தம்பி கொப்பியில் இருந்த வரிசைப்படி, வளவு வளவாகப் போய்த் தான் இறக்கிய கொட்டுகளுக்கு மணல் போட்டான். கந்தப்போடியர் வளவில் இரண்டு தரம் தேநீர் கிடைத்தது.

2007 பங்குனியில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஷெல் விழுந்தது. வெல்லாவெளிப் பக்கத்துச் சனம் வாவியைக் கடந்து இந்தக் கரைக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் மட்டும் நூற்றுப்பத்துக் குடும்பம். மூன்றாம் நாள் ஒரு லொறி பெரிய பம்பு ஒன்றோடு வந்து கிணற்றடியில் நின்றது. வந்த மேற்பார்வையாளர், நல்ல மனிதர்தான், சாமித்தம்பியைத் தேடிப் பிடித்தார்.

“நீங்கதானே இந்தப் பக்கத்துக்குப் பம்பு ஆள்? இறக்கி வையுங்க. சனம் தண்ணிக்கு அந்தரிக்குது.”

“வைக்க மாட்டன் ஐயா.”

“ஏன்?”

கேதீஸ்வரி கொட்டில் வாசலில்தான் நின்றாள். வெல்லாவெளியிலிருந்து வந்த பிள்ளைகளும் இந்த ஊர்ப் பிள்ளைகளும் கலந்து அவளைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் தன் பக்கம் பார்ப்பான் என்று அவள் நினைத்திருக்கலாம். அவன் பார்க்கவில்லை. குந்தி இருந்து, மண்ணில் தடியால் ஒரு கிணற்றைக் கீறினான். எங்கே நல்ல தண்ணீர் நிற்கிறது, எங்கே உப்பு, பம்பு போட்டால் எது மேலே வரும், எத்தனை வாளி தாங்கும், எத்தனை நாளில் ஆறும் என்று இலக்கத்தோடு சொன்னான். இந்தச் சனத்துக்கு இந்த ஒரு கிணறு போதாது என்பதையும் சொன்னான். மணல்மேட்டில் ஆறு ஆழங்குறைந்த கிணறு வேண்டும், கொட்டு என்னிடம் கிடக்கிறது, நாலு ஆள் தந்தால் நாளை மறுநாளைக்குள் முடிப்பேன் என்றான்.

“இதெல்லாம் உங்களுக்கு ஆர் சொன்ன?”

“ஆரும் சொல்லல்ல ஐயா. அளந்து பாத்த.”

மேற்பார்வையாளர் மண்ணில் கிடந்த படத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு பம்பை லொறியிலேயே விடச் சொல்லிவிட்டு, நாலு பேரை மண்வெட்டியோடு இறங்கச் சொன்னார்.